பெற்றோர் ஆசிரியர் கழக நன்கொடைக்கு வரி விலக்கு உண்டா?

பிள்ளை படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நன்கொடை கொடுத்து ரசீதும் வாங்கியிருக்கிறேன், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரசீதை மட்டும் நம்பிக் கழிக்காதீர்கள். நான் ஆடிட்டர் அல்லன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். கணக்கு எழுதுகிறவனே இதில் சறுக்கினேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஆடிக் காற்றில் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக் கூரைத் தகடுகள் பறந்துவிட்டன. கழகத்தார் கேட்டபோது பன்னிரண்டாயிரம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீதில் ஊதா மையில் ஒரு முத்திரை, அதற்குள் ஒரு பதிவு எண். அதையே வரி விலக்கு எண் என்று எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தபோது பாதித் தொகையான ஆறாயிரத்தைக் கழித்துவிட்டேன். பிறகு தோட்டத்துக்குத் தணிக்கைக்கு வந்த ஆடிட்டரிடம், மலை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்த அந்த ரசீதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த எண் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பெற்றது. சங்கம் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. இத்தகைய நன்கொடையில் பாதியைக் கழிக்க இடம் தரும், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் கழகம் தனியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பெற்றிருந்தால், நிதியாண்டு முடிந்தபின் நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் மே 31க்குள் துறைக்குத் தெரிவித்து, நமக்கு 10பிஇ சான்றிதழ் தரும். அது கையில் இல்லாமல் கழிக்க முடியாது. எல்லாம் இருந்திருந்தாலும் என் தொகை தேறியிருக்காது, ஏனென்றால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குச் சலுகை இல்லை. கூரைத் தகடாகவே வாங்கிக் கொடுத்திருந்தாலும் இல்லை. புதிய வரி முறையில் வரி கட்டுபவர்களுக்கோ இந்தக் கழிவே கிடையாது. கல்விக் கட்டணத்துக்கான 80சி பிரிவிலும் நன்கொடை சேராது.

டிசம்பருக்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, இருபது சதவீத வரியும் அதன் மேல் நான்கு சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,248 ரூபாயும் வட்டியும் கட்டினேன். பள்ளிக்குக் கொடுத்ததற்கும் கணக்குப் பார்க்கிறாயா என்று சிலர் கேட்கக்கூடும். கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்தவர் பெயர்களை வாசித்துவிட்டுக் கொடுக்காதவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்களே, அப்படிக் கறந்த பணத்தை ரசீதில் 'மனமுவந்து அளித்த நன்கொடை' என்று அச்சிட்டிருந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

இந்த ஆண்டு மழைநீர்க் குழாய் மாற்றக் கேட்டார்கள். 10பிஇ தருவீர்களா என்றேன்; செயலாளர் முத்திரையைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார். ஆயிரம் ரூபாய் கொடுத்தேன், கழிவில் சேர்க்கவில்லை.