கேள்வி-பதில்: ரிம்மைத் திருப்பி முதுகைப் பாருங்கள்

கேள்வி: நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். கம்பெனி கொடுத்த 18 அங்குல அலாயைக் கழற்றிவிட்டு 20 அங்குலம் போட ஆசை. அமெரிக்க ஃபோர்டு எஃப்-150 வண்டியின் ரிம்கள் நாலு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. அதற்கும் ஆறு போல்ட்தான். வாங்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வாங்க வேண்டாம். ஓட்டை ஆறா என்று எண்ணினால் மட்டும் போதாது, அந்த ஆறும் எவ்வளவு பெரிய வட்டத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் பிசிடி என்பது அதைத்தான். ஹைலக்ஸுக்கு அது 139.7 மில்லிமீட்டர். எஃப்-150க்கு 2004 முதல் 135. வித்தியாசம் 4.7 மில்லிமீட்டர்தானே, “ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் போட்டுடலாம் சார்” என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நட்டு சரியாக உட்காராத வீல், லோடு ஏற்றிய வண்டியில் மலை இறங்கும்போது தளர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நடு ஓட்டை. ஹைலக்ஸின் ஹப்புக்கு, அதாவது வீல் மாட்டும் நடுப்பகுதிக்கு, 106.1 மில்லிமீட்டர் வேண்டும், எஃப்-150 ரிம்மில் இருப்பது 87.1. ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. இன்னொரு அமெரிக்க பிக்கப்பான ஷெவர்லே சில்வராடோவின் ரிம் பிசிடியில் பொருந்தும், நடு ஓட்டையில் தோற்றுவிடும். இந்தப் பெரிய அமெரிக்க பிக்கப்புகளைப் பற்றி வீடியோக்களில் சொல்வதெல்லாம் அந்த வண்டிகளுக்குச் சரி. நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் வேறு அளவுக்காரர்கள்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ‘ஈடி’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது அது. எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க கம்பீரம்தான், ஆனால் பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும், சேறு கதவெல்லாம் தெறிக்கும். கம்பெனி எண்ணை ஒட்டியே வாங்குங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகடு வைத்துச் சரிக்கட்டும் யோசனை லோடு ஏற்றும் வண்டிக்கு ஆகாது.

சரி, பொருந்துகிற 20 அங்குல ரிம்மே கிடைத்தாலும் போடலாமா? உங்கள் 265/60 ஆர்18 டயரின் பக்கச்சுவர், அதாவது 265 மில்லிமீட்டர் அகலத்தில் 60 சதவீதம், 159 மில்லிமீட்டர். வெளிவிட்டம் மாறாமல் 20க்குப் போனால் 265/50 வரும், பக்கச்சுவர் 132.5. குறையும் அந்த 26.5 மில்லிமீட்டர்தான் தோட்டத்துக் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற மெத்தை. அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடு, அதில் சிரமம் இல்லை. எஸ்டேட் பாதையில்தான் விளிம்பு நசுங்கும். என் கட்சி நேர் எதிர்: மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 17 அங்குலத்துக்கு இறங்கி 265/65 டயர் போடுங்கள். வெளிவிட்டம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, பக்கச்சுவர் 172 ஆகிவிடும். வாங்குமுன் ஒரு ரிம்மை மாட்டி, பிரேக் கேலிப்பரில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் முகத்தைப் பார்த்து மயங்காமல் ரிம்மைத் திருப்பி முதுகைப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? அதிகபட்ச எடை எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதா? கணக்கு எளிது. பின் ஆக்ஸிலில் 1,800 கிலோ இறங்கும் என்றால் ஒரு ரிம்முக்குக் குறைந்தது 900 தாங்கும் திறன் வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் கைவசம் இருக்க வேண்டும். எடையே குறிக்காத ரிம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். டயரில் 110 என்று லோடு எண் இருந்தால் அது 1,060 கிலோ தாங்கும். மாற்றிய பிறகு பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரிம் திருடுபோனாலோ உடைந்தாலோ கிளெய்ம் கேட்கும்போது கைவிரிப்பார்கள்.

கேள்வி: பொலிரோ பிக்கப்பில் மலையிலிருந்து சேலம் லீ பஜாருக்கு லோடு அடிக்கிறேன். மழைக்காலம் வந்தால் 60, 70 வேகத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது. இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. ரிம்மை மாற்ற வேண்டுமா?
- வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: மழையில் மட்டும் ஆடுகிறதென்றால் முதலில் சேற்றைச் சந்தேகப்படுங்கள். தோட்டத்துச் செம்மண் ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்தால் பேலன்ஸ் போய்விடும். வெளியே எத்தனை கழுவினாலும் தெரியாது. வீலைக் கழற்றி உள்பக்கம் தண்ணீர் அடித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் ஆடினால் பேலன்சிங், அதற்கும் அடங்காவிட்டால் ரிம் கோணலா என்று மெஷினில் சுற்றவிடச் சொல்லுங்கள். அலைன்மென்ட் கோளாறு வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரை ஒரு பக்கமாகத் தின்னும். ஆட்டத்துக்கு அது பெரும்பாலும் காரணம் இல்லை.

கழற்றியது கழற்றியாயிற்று, ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். துருவின் மேல் வீலை உட்கார வைத்து நட்டை முறுக்கினால் கொஞ்ச தூரத்திலேயே தளரும். நட்டை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்க வேண்டும், 50-100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று முறுக்கிவிட்டு அனுப்புவதோடு விட்டுவிடாதீர்கள், கடைசி முறுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில், மேனுவலில் போட்ட அளவுக்கு. இன்னொன்று, அடியில் தொங்கும் ஸ்டெப்னியைச் சில மாதத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். செயின் துருப்பிடித்து இறங்க மறுப்பது ராத்திரியில், நடு வளைவில்தான் தெரியவரும்.

கேள்வி: அலாய் ரிம்மில் மயிரிழை விரிசல். வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார்கள்.
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: இரும்பு ரிம் லேசாக நெளிந்திருந்தால் தட்டி நிமிர்த்தலாம். விரிசல் விட்ட அலாய் வேறு. சூடேற்றிப் பதப்படுத்தித்தான் அதற்குப் பலம் கொடுத்திருப்பார்கள், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் போய்விடும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது ஒன்று வாங்குங்கள். அதே எண்கள் உள்ள ஒற்றை ரிம் கிடைத்தால் போதும், நாலையும் மாற்றச் சொல்வது வியாபாரம்.

கேள்வி: புது ரிம், ஒரே மாதத்தில் பெயின்ட் உரிந்து டயர் ஒட்டும் இடத்தில் காற்று கசிகிறது. ‘ரிம்முக்கு வாரண்டி கிடையாது’ என்று கடையில் சொல்கிறார்கள். பில் இருக்கிறது.
- வாசகர், ஏற்காடு

பதில்: பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆசிட் கலந்த கிளீனர் ஏதும் போட்டீர்களா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் அதைத்தான் கேட்பார். போடவில்லை என்றால் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வண்டி வியாபாரத்துக்கானது என்றால் எதிர்த்தரப்பு ‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று வாதாடலாம். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் நுகர்வோராகவே ஏற்கிறது, அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.