லெதர் டெக்னாலஜி கிடைத்திருக்கிறது, சேரலாமா?

வணக்கம் ஐயா. மகளுக்கு ஏ.சி.டெக்கில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) லெதர் டெக்னாலஜி ஒதுக்கீடு ஆகியிருக்கிறது, "செருப்பு தைக்கவா இன்ஜினியரிங்?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். சிரிப்பவர்கள் அடையாறில் உள்ள சிஎல்ஆர்ஐ-க்குள் ஒருமுறை போய் வந்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டார்கள். இந்தப் படிப்பு நடப்பதே அந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்துதான்.

1948-ல் தொடங்கிய நிறுவனம் அது. அன்று நம் ஊர்த் தோல் பெரும்பாலும் அரைகுறையாகப் பதனிடப்பட்டு கப்பலேறியது. லாபம் வெளிநாட்டில் ஷூ செய்தவருக்கு. அதை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா. ஆய்வகத்தில் கண்டதைத் தோல் பதனிடும் ஷெட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர்.

இன்னொரு கதை உங்கள் மகளுக்குப் பிடிக்கும். பக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் கொலாஜன் புரதத்தை ஆராய்ந்தபோது, அதற்கான திசு மாதிரிகள் சிஎல்ஆர்ஐ-யிலிருந்துதான் போயின. கங்காருவின் வால் தசைநார்கூட அதில் உண்டு! 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூன்று இழை அமைப்பை முன்வைத்தார்கள். தோலின் முக்கியப் புரதமே கொலாஜன்தானே. பின்னாளில் தீக்காயத்துக்குப் போடும் கொலாஜன் படலமும் இதே நிறுவனத்தில் உருவானது.

சரி, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வேலைக்குப் போனால் நாற்றம் உண்டு, தோல் பதனிடுவதில் வரும் குரோமியக் கழிவுநீர்ப் பிரச்சினையும் உண்டு. பாலாற்றுக் கரை மாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தொழிற்சாலை நடத்த முடியாது என்றானது. அதனால்தான் கழிவுநீரும் ரசாயனமும் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. தோல் ரசாயன நிறுவனங்கள், ஷூ ஏற்றுமதி, தரப் பரிசோதனை என்று வேறு வாசல்களும் உண்டு.

மகளுக்கு வேதியியல் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் தயங்காமல் சேருங்கள். மனசு முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸில் இருந்தால், கல்லூரிப் பெயருக்காக மட்டும் இதில் தள்ளாதீர்கள். நான்கு வருடமும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். முடிவெடுப்பதற்குள் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடமாவது பேசச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப் எங்கே கிடைத்தது, ஷெட்டில் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்ற இரண்டையும் கட்டாயம் கேட்கட்டும்.