என் எம்.காம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் சிமிலாரிட்டி (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) 38% வந்திருக்கிறது. வார்த்தைகளை மாற்றி எழுதினால் போதுமா?

சதவீதம் குறையும். ஆனால் அடுத்தவர் வரி அடுத்தவர் வரியாகவேதான் இருக்கும்.

எம்.காம் என்று சொல்லியிருக்கிறீர்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10% வரை தண்டனை கிடையாது. 10 முதல் 40 வரை என்றால், திருத்தி ஆறு மாதத்துக்கு மிகாமல் திரும்பக் கொடுக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திக் கொடுக்கவே முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மூலத்தைச் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள் இதெல்லாம் கணக்கில் சேராது. அதனால் முதலில் மென்பொருள் தந்த சிமிலாரிட்டி ரிப்போர்ட்டைத் திறந்து எந்தெந்த வரிக்கு நிறம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நூற்பட்டியலையும் சேர்த்தே சோதித்திருந்தால் அதை நீக்கி இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.

மீதி இருப்பதுதான் வேலை. என் முதல் டிராஃப்டைப் பார்த்து எனக்கே அதிர்ச்சி. வேண்டுமென்று நான் எதையும் திருடவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் வரிவரியாக எழுதி வைத்தேன், பக்க எண் குறிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எது புத்தகத்தின் வரி, எது என் வரி என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம்தான் அப்படியே எடுப்பதைச் சிவப்பு மையிலும் என் யோசனையை நீலத்திலும் எழுத ஆரம்பித்தேன்.

வார்த்தை மாற்றுவதற்கு வருகிறேன். 'கடன் பெறும் பெண்களில் பெரும்பாலோர் அத்தொகையை வீட்டுச் செலவுக்கே பயன்படுத்துகின்றனர்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அதை 'கடன் வாங்கும் மகளிரில் அதிகமானோர் அப்பணத்தைக் குடும்பச் செலவுக்கே உபயோகிக்கின்றனர்' என்று மாற்றுவது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வது மாதிரி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள்: 'தொழிலுக்கென்று வாங்கிய கடன் வீட்டில் கரைவதாக இன்னார் சொல்கிறார். நான் சந்தித்த மகளிர் குழுக்களில் அது பெரும்பாலும் பள்ளிக் கட்டணமாகப் போயிருந்தது.' யார் சொன்னது என்பதும் தெரிகிறது, நீங்கள் கண்டதும் தெரிகிறது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் அங்கேயே போட்டுவிடுங்கள். தொல்காப்பியர் 'என்மனார் புலவர்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாம் எழுதினால் எந்தப் புலவர், எந்தப் பக்கம் என்று கைடு கேட்பார்.

ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழாக்கி எழுதினால் மென்பொருளுக்குத் தெரியாது என்று ஹாஸ்டலில் ஒரு நம்பிக்கை உண்டு. தெரியாமலும் போகலாம். ஆனால் அந்தத் துறையில் ஊறிய தேர்வாளருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, படிக்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வேறொருவர் கட்டுரையில் பார்த்த மேற்கோளை, மூல நூலையே படித்ததுபோல நான் போட்டிருந்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த நூலின் இரண்டாம் இயல் எதைப் பற்றியது என்று ஒரே ஒரு கேள்விதான் வந்தது. தண்ணீர் குடித்தேன். இன்னாரை மேற்கோள் காட்டும் இன்னார் கட்டுரை என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.