வாசகர் கேள்வி – பதில்: சந்தைக்கும் மக்கள் நலனுக்கும் இடையே அரசு

கேள்வி: சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டால் எல்லாம் தானே சீராகும் என்கின்றனர் சிலர். ஏழைகளைக் காக்க விலைகளை அரசே நிர்ணயிக்க வேண்டும் என்கின்றனர் வேறு சிலர். அரசின் எல்லைதான் எது?

பதில்: சந்தைக்கு வக்காலத்து வாங்கியவர் என்றே பலரும் அறிந்திருக்கும் ஆடம் ஸ்மித், 1776இல், நாட்டின் பாதுகாப்பு, நீதி நிர்வாகம் ஆகியவற்றோடு, தனியாருக்குக் கட்டுப்படியாகாத, ஆனால் சமூகத்துக்குப் பெரும்பயன் தரக்கூடிய பொதுப்பணிகளையும் அரசின் கடமையாக வகுத்தார். அரசு தலையிடலாமா என்ற வழக்கு, ஆகவே, பழைய வழக்கு. எதைக் கொண்டு தலையிடுவது என்பதில்தான் நாம் இன்னும் தடுமாறுகிறோம்.

விலையைக் கட்டிப்போடுவது கைக்கு எளிதில் அகப்படும் கருவி. பெரும்பாலும் தவறான கருவியும் அதுவே என்பது என் கருத்து. ஒரு பொருளின் விலை ஏறுவது, அது போதவில்லை என்பதை விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கிறது. அதை அடக்கினால் தட்டுப்பாடு தீராது; பொருள் பதுங்கும், வரிசை நீளும், கள்ளச்சந்தை தலையெடுக்கும். 1948 ஜூனில் மேற்கு ஜெர்மனியில் புதிய நாணயம் புழக்கத்துக்கு வந்தபோது, அங்கே பொருளாதார நிர்வாகப் பொறுப்பில் இருந்த லுட்விக் எர்ஹார்ட் பல பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதுக்கப்பட்டிருந்த சரக்குகள் வெகுவிரைவில் கடைகளில் காட்சிக்கு வந்தன. சந்தை ஆதரவாளர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம். விலையேற்றத்தை எதிர்த்து அதே ஆண்டு நவம்பர் 12இல் பொது வேலைநிறுத்தம் நடந்ததையும், வாடகை, அடிப்படை உணவுப்பொருள்கள் போன்றவற்றில் கட்டுப்பாடு தொடர்ந்ததையும், 1957இல் ஓய்வூதியம் ஊதிய உயர்வோடு இணைக்கப்பட்டதையும் சேர்த்துப் படித்தால்தான் சந்தையையும் சமூகப் பாதுகாப்பையும் இணைத்த அந்நாட்டின் ‘சமூகச் சந்தைப் பொருளாதாரம்’ விளங்கும்.

சில துறைகளில் சந்தை தன் காலில் நிற்கவே முடியாது. மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரில் நால்வருக்கு ஆண்டுக்கு 40, அறுவருக்கு 140 செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். யார் எப்படிப்பட்டவர் என்று அறியாத நிறுவனம் சராசரியான 100ஐக் கட்டணமாகக் கேட்கும். தம் உடல்நிலையை அறிந்த நால்வரும் விலகிக்கொள்வர். எஞ்சியோரின் சராசரி 140 ஆகிவிடும். அந்த அறுவருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தால் இதே கதை மறுபடியும் நடந்து, கடைசியில் கடும் நோயாளிகளும் அவர்களால் கட்ட இயலாத கட்டணமுமே மிஞ்சும். இதற்கு யாருடைய பேராசையும் காரணமன்று. 1883இல் ஜெர்மனியின் சான்சலர் (அரசுத் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க்கின் அரசு தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கி, சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தச் செய்தது. சோசலிஸ்டுகளின் செல்வாக்கைக் குறைப்பது அவர் நோக்கமாக இருந்தாலும், விலகிச் செல்லும் வழியை அடைத்த அந்தக் கட்டாயம்தான் திட்டத்தின் உயிர்நாடி.

கேள்வி: உதவித்தொகை கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிட மாட்டார்களா?

பதில்: தொகையைக் குறை சொல்லுமுன், அது எவ்வாறு நிறுத்தப்படுகிறது என்று பாருங்கள். ஒருவர் கூடுதலாக 100 சம்பாதித்தால் உதவியில் 80 வெட்டப்படும் என்று விதி இருக்குமானால், அவர் உழைப்புக்கு மிஞ்சுவது 20. வேலைக்குப் போய்வரும் செலவுக்கே அது போதாமல் போகலாம். பெரும் பணக்காரர்மீது 80 விழுக்காடு வரி விதித்தால் உழைக்கும் ஊக்கம் போய்விடும் என்று வாதிடுபவர்கள், ஏழையின் தலையில் அதே விகிதம் விழும்போது அதைச் சோம்பல் என்று பெயரிட்டு அழைப்பது வேடிக்கைதான். வெட்டை 40 ஆகக் குறைத்தால் அவர் கையில் 60 நிற்கும். ஆனால் உதவி மேலும் பலரைச் சென்றடைவதால் அரசின் செலவும் கூடும். அதற்கான வரியை யாரிடம் வசூலிப்பது என்பதைத்தான் திட்டத்தை அறிவிப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.