கிட் விமானத்தின் ரடர் (வாலில் உள்ள சுக்கான்) பின்விளிம்பு அலை அலையாக நிற்கிறது. பினாங்கில் வீட்டு கார் போர்ச்சில் வைத்துக் கட்டுகிறேன். புட்டி பூசிச் சமன் செய்யலாமா?

புட்டி வேண்டவே வேண்டாம். கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் ரடரின் எடைச் சமநிலையைப் பின்னுக்கு இழுக்கும். வேகம் கூடும்போது ரடர் தானாகப் படபடவென அடித்துக்கொள்ளும் ஃபிளட்டருக்கு அதுதான் வழி. ஃபிளட்டர் வந்துவிட்டால் சில நொடிகளில் வாலே பிய்ந்துவிடலாம்.

முதலில் அலை உண்மையா என்று பாருங்கள். ஒரு பக்கம் வெயில் பட்டு 10 டிகிரி கூடுதலாகச் சுட்டாலே 1.2 மீட்டர் அலுமினியத் தகடு ஏறத்தாழ 0.28 மி.மீ. நீளும். போர்ச்சில் மதியம் பார்த்தால் நல்ல ரடரும் கோணலாகத்தான் தெரியும். காலை 7 மணிக்கு நேர்கோல் வைத்துப் பாருங்கள்.

அப்போதும் அலை இருந்தால், பெரும்பாலும் ரிவெட் அடித்த வரிசைதான் காரணம். 0.016 அங்குல ஸ்கின்னில் (வெளித்தகட்டில்) ரிவெட் நசுங்கும்போது ஓட்டைக்குள் பருத்துத் தகட்டை இம்மியளவு தள்ளும். ஒரு முனையில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போனால் அந்த இம்மிகள் சேர்ந்து மறுமுனையில் வளைவாக நிற்கும்.

இரண்டு ஸ்கின்னுக்கும் நடுவே ஆப்பு வடிவ வெட்ஜ் வரும் ரடர் என்றால், அடுத்ததை இப்படிச் செய்யுங்கள். ரடரைவிட நீளமான அலுமினிய ஆங்கிள் ஒன்று வாங்குங்கள். கடையிலேயே கண்ணருகே பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரும்பு ஆங்கிள் சரிப்படாது, சூட்டில் அலுமினியம் அளவுக்கு அது நீளாது. பின்விளிம்பு ஓட்டைகளுக்கு நேராக 40ஆம் எண் டிரில்லால் அதில் துளையிடுங்கள். வெட்ஜுக்கு பிரைமர் கட்டாயம்: ஸ்கின்னில் உள்ள தூய அலுமினியப் பூச்சு அதில் கிடையாது, பினாங்கின் உப்புக்காற்று சும்மா விடாது.

பிறகு வெட்ஜின் இரு முகத்திலும் புரோசீல் என்ற ஒட்டும் சீலண்டை மெல்லிசாகப் பூசி, எல்லாவற்றையும் ஆங்கிளோடு சேர்த்து ஒவ்வொரு ஓட்டையிலும் கிளெக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கவ்வி) போடுங்கள். கலவை எடைக்கு 10:1, அதாவது 20 கிராம் சீலண்டுக்கு 2 கிராம் இறுக்கி. சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். கலந்தபின் பூசிமுடிக்க டப்பாவில் போட்டிருக்கும் 2 மணி நேரம் 25 டிகிரிக்கான கணக்கு. நம்மூர் 32 டிகிரியிலும் ஈரத்திலும் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. இரண்டு மூன்று நாள் தொடாமல் விடுங்கள்.

இறுகியபின் ஆங்கிளைக் கழற்றி, தட்டையான எஃகுப் பலகையில் ரிவெட் தலை கீழே இருக்க வைத்து, முதலில் பத்தில் ஒன்றைப் பாதி மட்டும் அடியுங்கள். அடுத்து அவற்றின் நடுவில் உள்ளவை, அப்புறம் மீதி. ஒவ்வொரு சுற்றுக்கும் நேர்கோல் வையுங்கள். முழுதாக நசுக்குவது கடைசிச் சுற்றில்தான்.

இப்போதுள்ள ரடரில் வளைவு கிட் நிறுவனம் தந்த அளவுக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மிஞ்சினால், அந்த இடத்து ரிவெட்டுகளை மட்டும் துளைத்தெடுங்கள். ஓட்டை பெரிதாகிவிட்டால் 30ஆம் எண் டிரில் போட்டு NAS1097AD4 என்ற சிறிய தலை ரிவெட்டை அடிக்கலாம், அதன் தலை பழைய டிம்பிளிலேயே (ரிவெட் தலைக்கான குழிவிலேயே) உட்காரும். ஓட்டையின் மையத்திலிருந்து விளிம்புக்குக் கால் அங்குலமாவது இல்லையென்றால் அதைச் செய்யாதீர்கள், புது ஸ்கின் வாங்கிவிடுங்கள்.