செம்மண் காடு மணலாவது ஏன்? – கேள்வி பதில்

காங்கேயம் பக்கத்திலிருந்து: ஐயா, அப்பா காலத்தில் எங்கள் மேட்டுக்காட்டு (மேட்டு விவசாய நிலத்து) மண் நல்ல சிவப்பு. இப்போது மேலே மணலும் வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக் கல்லும்தான் கிடக்கின்றன. இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லைங்க தம்பி. உங்கள் காட்டிலேயே இருந்த மணல்தான் அது. அந்தப் பக்கம் அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் (gneiss) என்கிற கெட்டிப் பாறை. வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்), பெல்ஸ்பார், காக்காப்பொன் (மைக்கா) என்கிற கனிமங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கும். பாறை மக்கும்போது பெல்ஸ்பார் களியாக மாறும். காக்காப்பொன்னில் இருக்கும் இரும்பு துருவேறி மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும். வெங்கச்சாங்கல் மட்டும் மக்காது, உடைந்து மணலாகவும் சரளையாகவும் கிடக்கும். இவை கலந்திருக்கும் வரைதான் அது விளைகிற மண். ஐப்பசி மழையில் முதலில் கரைந்து ஓடுவது களி. ஓடைத் தண்ணீர் சிவப்பாகப் போகிறதே, அது உங்கள் காட்டுக் களிதான். கனமான மணல் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. மணல் பெருகவில்லை, மற்றது போய்விட்டது. போனது திரும்ப உண்டாவதும் லேசில்லை. இந்தக் கெட்டிப் பாறையிலிருந்து ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு வருடம் ஆகும்.

பல்லடத்திலிருந்து: ஆடியில் வீடெல்லாம் புழுதி. காற்றும் மண்ணை அள்ளிக்கொண்டு போகுமா?

போகும் அக்கா. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு. உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுழற்றுவது அதன் வழியாக வரும் காற்றுதான். மழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது, நமக்குக் காற்று மட்டும் வருகிறது. அந்த நேரத்தில் காடு உழுது வெறுமையாகக் கிடந்தால் பொடி மண் பறக்காமல் என்ன செய்யும்? நம் முன்னோர் கொறங்காட்டில், அதாவது மாடு மேய விட்ட மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலுமாக விட்டது மாட்டுக்காக மட்டும் இல்லை. அந்த வேரும் வேலியும்தான் மண்ணைப் பிடித்து வைத்தன. கொறங்காட்டை அழித்து உழும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அப்படியானால் தேரிக்காடு போல மணல் மேடாகிவிடுமா?

ஆகாது. தூத்துக்குடிப் பக்கத் தேரி, காற்று கொண்டு வந்து ஆழமாகக் குவித்த மணல். நம் மேட்டுக்காட்டில் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே பாறை தட்டும். இங்கே மேடு எழாது, பாறைதான் வெளியே வரும்.

பக்கத்துக் கரிசல் காடு மட்டும் மணலாகவில்லையே?

சுண்ணாம்புச் சத்து மிகுந்த பாறை மக்கிய இடத்திலும், தண்ணீர் தங்கும் தாழ்ந்த இடத்திலும் கரிசல் உண்டாகும். களி அதிகம், மணல் குறைவு. அதற்குத் தொல்லை வேறு: உப்பான போர்வெல் தண்ணீர் பாய்ச்சினால் இறுகிப்போகும்.

குளத்து வண்டல் போடலாமா?

தாராளமாக. காட்டிலிருந்து ஓடிப்போன களி அங்கேதான் சேர்ந்திருக்கிறது. காட்டுக்கு வண்டல் அடிக்கும் முன் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் வண்டலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இறங்கும், களி மறுநாள் வரைகூடக் கலங்கலாக நிற்கும். இதையே உங்கள் காட்டு மண்ணிலும் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் சேர்ந்த குளத்து மண் மட்டும் வேண்டாம், அதோடு உப்பும் காட்டுக்குள் வந்துவிடும்.