பெண்கள் ஃப்ளோர்பால் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

வணக்கம் மக்களே. 2025 டிசம்பர்ல செக் நாட்டுல, ப்ர்னோ ஆஸ்ட்ராவானு ரெண்டு ஊர்ல, பெண்கள் ஃப்ளோர்பால் வேர்ல்ட் சாம்பியன்ஷிப் நடக்குது. 16 நாட்டு டீம். நான் சிங்கப்பூர்ல பல வருஷம் கோல்கீப்பரா ஆடினவ, இப்ப ஸ்கூல் பொண்ணுங்களுக்கு கோச்சிங் குடுக்குறேன். ஆட்டம், ரூல்ஸ், டீம், கீப்பிங், காயம் எது வேணா கேளுங்க. டிக்கெட், விசா, ஹோட்டல் எனக்கு தெரியாத ஏரியா.

கலை_திருச்சி: அக்கா முதல்ல இது என்ன ஆட்டம்? ஹாக்கி மாதிரியா?

இன்டோர்ல ஆடறது மா. 40 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலம் கோர்ட், சுத்தி அரை மீட்டர் உயரத்துக்கு போர்டு இருக்கும், பந்து அதுல பட்டு திரும்பி வரும், ஆட்டம் நிக்காது. ஒரு பக்கம் அஞ்சு பேர் பிளஸ் கீப்பர். 20 நிமிஷம் மூணு பீரியட், பந்து நின்னா கடிகாரமும் நிக்கும். பந்து பிளாஸ்டிக், 26 ஓட்டை, எடை 23 கிராம், ஒரு கோழி முட்டையில பாதி கூட வராது. அதனாலதான் அவ்ளோ வேகம். மேட்ச் நடக்கும்போதே ஆள் மாத்திக்கலாம், எத்தனை தடவை வேணா. ஒரு நிமிஷம் கூட ஆகாது, முழு வேகத்துல ஓடி முடிச்சு பெஞ்சுக்கு வந்துடுவாங்க, அடுத்த அஞ்சு பேர் உள்ள. உடம்பால மோதி தள்ள கூடாது, எதிராளி ஸ்டிக்கை அடிக்க கூடாது, முழங்காலுக்கு மேல வர்ற பந்தை ஸ்டிக்கால ஆட கூடாது, தலையால முட்ட கூடாது.

அமெரிக்கால மினசோட்டா பக்கம் 1950கள் கடைசில செஞ்ச பிளாஸ்டிக் ஸ்டிக்தான் இதுக்கு ஆரம்பம், அது ஸ்வீடனுக்கு போய் அங்க ஆட்டமா வளர்ந்துச்சு. 1986ல ஸ்வீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து மூணும் சேர்ந்து சர்வதேச சம்மேளனம் ஐஎஃப்எஃப் ஆரம்பிச்சாங்க. பெண்களுக்கு வேர்ல்ட் சாம்பியன்ஷிப் 1997ல, ஒற்றைப்படை வருஷத்துல பெண்கள், இரட்டைப்படைல ஆண்கள்.

பாஸ்கர்_கோவை: கோல்கீப்பர் கையில ஸ்டிக்கே இல்லையே, முட்டி போட்டு உக்காந்திருக்காங்க, எப்படி தடுப்பாங்க?

இந்த கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

ஸ்டிக் கிடையாது. மாஸ்க், நெஞ்சுக்கு பேடிங், உள்ள பஞ்சு வச்ச பேன்ட், முட்டிக்கு பேட், அவ்ளோதான். கோல் போஸ்ட் 160 செமீ அகலம் 115 செமீ உயரம். நின்னுட்டிருந்தா கீழ போற பந்து கால் நடுவுல போயிடும், முட்டி போட்டா தோளும் தலையும் சரியா மேல் கம்பிக்கு கிட்ட வரும், அதனாலதான் அந்த போஸ். நகர்றதெல்லாம் முட்டியில வழுக்கித்தான். ஒரு கால் பாதத்தை ஊனி தள்ளி, இன்னொரு முட்டியில சறுக்கி போஸ்ட்டுக்கு போகணும், போகும்போது ரெண்டு கையும் உடம்பை விட்டு முன்னாடி இருக்கணும். கையை பக்கவாட்டுல விரிச்சா அக்குள் கீழ ஓட்டை விழும், நல்ல ஷூட்டர் அங்கதான் அடிப்பா.

முக்கியமா பாக்க வேண்டியது பந்தை இல்ல, அவ கீழ் கை. கீழ் கை ஸ்டிக்ல அழுத்துறப்ப ஷாஃப்ட் வளையும் பாருங்க, அது வளைஞ்ச அந்த நொடியே நீங்க முடிவு பண்ணிருக்கணும். பந்து கிளம்பின பிறகு பாத்து தடுக்கறதுங்கறது கிட்டத்துல இருந்து அடிச்சா நடக்காத காரியம். பிடிச்ச பந்தை மூணு செகண்டுக்குள்ள விட்டாகணும், தூக்கி எறிஞ்சா நடுக்கோட்டுக்கு முன்னாடி தரையில படணும். நல்ல கீப்பர் எறிஞ்ச பந்துலேயே அட்டாக் ஆரம்பிக்கும். டிவில பாக்கறப்ப ஒரு பத்து நிமிஷம் கீப்பரை மட்டும் பாருங்க, ஆட்டமே வேற மாதிரி தெரியும்.

சுகன்யா: யார் யார் ஜெயிச்சிருக்காங்க? ஸ்வீடன் மட்டும்தானா?

கிட்டத்தட்ட. 1997ல இருந்து 2023 வரைக்கும் 14 தடவை நடந்திருக்கு, ஸ்வீடன் 11. அதுலயும் 2007ல இருந்து 2023 வரைக்கும் தொடர்ந்து ஒன்பது. பின்லாந்து 1999, 2001 ரெண்டும். சுவிட்சர்லாந்து ஒரே தடவை, 2005ல, அது நடந்தது எங்க சிங்கப்பூர்ல! ஆசியாவுக்கு இந்த போட்டி வந்த முதல் தடவை அதுதான். 2023லயும் இங்கதான் நடந்துச்சு, ஸ்வீடன் ஃபைனல்ல பின்லாந்தை ஜெயிச்சாங்க.

ஆனா நம்பரை மட்டும் பாத்து ஸ்வீடன் சும்மா ஜெயிக்குதுனு நினைக்காதீங்க. 2015ல டாம்பரேல, பின்லாந்து சொந்த ஊர் கூட்டத்துக்கு முன்னாடி, ஃபைனல் பெனால்ட்டி ஷூட்டவுட் வரைக்கும் போச்சு. 2019ல சுவிஸ் கூட எக்ஸ்ட்ரா டைம். ஒரு ஷாட்டுல ரெண்டு கோப்பையும் போயிருக்கும்.

டாம்பனீஸ்_அப்பா: பொண்ணுக்கு 10 வயசு, வலது கை பழக்கம், ரைட் ஸ்டிக் வாங்கலாமா?

வலது கை பழக்கம்னா ரைட் ஸ்டிக்னு முடிவு பண்ணாதீங்க சார். ஒரு துடைப்பத்தை கையில குடுத்து தரையை தள்ள சொல்லுங்க, எந்த கை கீழ வருதோ அந்த பக்கம். இடது கை கீழ வந்தா லெஃப்ட். வலது கை பழக்கம் உள்ள நிறைய பேர் லெஃப்ட் ஆடறாங்க. நீளம், நிமிர்ந்து நின்னா தொப்புளுக்கு கொஞ்சம் மேல. ஃப்ளெக்ஸ் நம்பர் பெருசா இருந்தா ஸ்டிக் நல்லா வளையும்னு அர்த்தம், சின்ன பிள்ளைக்கு பெரிய நம்பர் எடுங்க. வளர்ந்துடுவானு நீளமா வாங்கி குடுத்தா குனியாம ஆடி பழகிடுவா, திருத்தறது கஷ்டம்.

கூடவே கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி வாங்குங்க. ஸ்டிக்கை விட அது முக்கியம். பந்து வேகமா வந்து கண்ணுல படலாம், ஸ்டிக் முனையும் கண் உயரத்துக்கு வரும். ஸ்வீடன், பின்லாந்துல சின்ன பசங்களுக்கு கட்டாயமே ஆக்கிட்டாங்க. என் ட்ரெயினிங்க்கு கண்ணாடி இல்லாம வந்தா கோர்ட்டுக்குள்ள விடமாட்டேன், பெத்தவங்க என்ன சொன்னாலும் சரி.

ரஞ்சித்_ஜூரோங்: ஒரே ஒரு மேட்ச் பாக்க சொன்னா எது அக்கா?

2019ல சுவிட்சர்லாந்தோட நூஷாட்டெல் ஊர்ல நடந்த செமி ஃபைனல், சுவிட்சர்லாந்துக்கும் செக் நாட்டுக்கும். கடைசி மூணு நிமிஷம் வரப்ப செக் 6, சுவிஸ் 2. சொந்த நாட்டு கூட்டம், சத்தமே போயிருக்கும். அதுக்கப்புறம் சுவிஸ் நாலு கோல் போட்டு 6-6 ஆக்கி எக்ஸ்ட்ரா டைம்ல 7-6 ஜெயிச்சாங்க.

இது எப்படி முடியும்னு கேப்பீங்க. பின்னாடி இருக்கற டீம் கீப்பரை வெளிய எடுத்துட்டு ஆறாவது ஆளை உள்ள விடலாம், ஆறுக்கு அஞ்சு. கோர்ட் சின்னது, பந்து லேசு, ஒரு நல்ல பாஸ் போனாலே ஷாட். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு நடுவுல ஃபேஸ் ஆஃப், அதாவது ரெண்டு டீம்லயும் ஒவ்வொருத்தர் வந்து பந்துக்கு மோதுவாங்க, அதை ஜெயிச்சா திரும்ப பந்து உங்ககிட்ட. அந்த பக்கம் லீட்ல இருக்கற டீம் என்ன பண்ணும்? பந்தை வச்சு விளையாடாம தூக்கி தூக்கி அடிச்சு விடும், அதாவது பந்தை எதிராளிக்கே குடுக்கும். செக் பொண்ணுங்க அழுததை பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். இந்த தடவை அவங்க ஊர்ல நடக்குது, எனக்கு அவங்க மேல ஒரு தனி பாசம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நித்யா_ஈரோடு: எனக்கு 22, காலேஜ்ல ஆடறேன். முட்டி சுருக்குனு வலிக்குது. ஃபிசியோ கிட்ட போகணுமா?

போங்க, இந்த வாரமே. வலியோட ஆடாதீங்க.

மத்தவங்களும் இதை படிங்க. இந்த ஆட்டத்துல பொண்ணுங்களுக்கு முட்டி உள்ள லிகமென்ட் கிழியறது அதிகம், பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, சட்டுனு திரும்பறப்ப. பின்லாந்துல 28 டாப் லெவல் பெண்கள் டீம், 457 பேரை வச்சு ஒரு சீசன் ஆராய்ச்சி பண்ணாங்க, 2008ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. பாதி டீம் வழக்கம்போல, பாதி டீம் ட்ரெயினிங்க்கு முன்னாடி 20, 30 நிமிஷம் தனி வார்ம் அப்: ஓடற டெக்னிக், பேலன்ஸ், குதிச்சு இறங்கறது, கால் வலு. மோதாம வர்ற கால் காயம் 66 சதவீதம் குறைஞ்சுது. மருந்து இல்ல, மெஷின் இல்ல, வெறும் வார்ம் அப்! அதே ஆளுங்க பாத்த இன்னொரு விஷயம், மரத்தரையை விட செயற்கை தரையில அடிபடற ஆபத்து ரெண்டு மடங்கு கிட்ட. ஷூ ரொம்ப பிடிச்சிக்கும், உடம்பு திரும்பும், முட்டி திரும்பாது.

வீட்ல ஒண்ணு பண்ணி பாருங்க. கண்ணாடி முன்னாடி ஒத்தக்கால்ல நின்னு மெதுவா மடங்குங்க. முட்டி உள்பக்கமா சாயுதா? சாஞ்சா அதான் பிரச்சனை. முட்டி கால் ரெண்டாவது விரலுக்கு நேரா வரணும். குதிச்சு இறங்கறப்பவும் அதே, போன்ல வீடியோ எடுத்து பாருங்க. மேட்ச் ஜெயிக்கறதை விட இது எனக்கு பெருசு, என் பொண்ணுங்களுக்கு வார்ம் அப் முடியாம பந்தை கண்ல காட்ட மாட்டேன்.

ஜெய்_87: பையனுக்கு லெஃப்ட் ஸ்டிக்கா ரைட்டா?

மேல துடைப்பம் பதில் பாருங்க. கண்ணாடியும் வாங்குங்க.

மணி_கேஎல்: யார் ஜெயிப்பா, பெட் கட்டலாமா?

பெட்டிங் பத்தி பேச மாட்டேன்.

செல்வா_நியாயம்: இந்த குரூப் சிஸ்டம் அநியாயம் இல்லையா? சி குரூப்ல மூணு மேட்சும் ஜெயிச்சவங்க நேரா குவார்ட்டர் போக முடியல, ஏ குரூப்ல மூணும் தோத்தவங்க கூட மோதணுமாம்!

தெரியாதவங்களுக்கு: ரேங்கிங்ல மேல இருக்கற எட்டு டீம் ஏ, பி. மீதி எட்டு சி, டி. ஏ, பில முதல் ரெண்டு இடம் நேரா குவார்ட்டர் ஃபைனல். ஏ, பில 3, 4வது வந்தவங்களும் சி, டில முதல் ரெண்டும் பிளே ஆஃப்ல மோதி, ஜெயிச்ச நாலு பேர் குவார்ட்டர் போவாங்க.

நான் இந்த சிஸ்டம் பக்கம்தான் தம்பி. எல்லாரையும் கலந்து போட்டா ஸ்வீடன் ஒரு புது நாட்டோட மோதும், கோல் இருபதை தாண்டும். அந்த நெட்ல முட்டி போட்டு உக்காந்திருக்கற பொண்ணை யோசிங்க. நான் அங்க இருந்திருக்கேன். பத்தாவது கோலுக்கு மேல ஒண்ணும் கத்துக்க முடியாது.

செல்வா_நியாயம்: அப்ப கீழ இருக்கறவங்க கீழயே இருக்கட்டும்னு சொல்றீங்களா?

அப்படி சொல்லவே இல்ல. சி குரூப்ல 4-3, 5-5னு இழுபறி மேட்ச் ஆடறப்பதான் கடைசி நிமிஷம் எப்படி ஆடணும், கீப்பரை எப்ப வெளிய எடுக்கணும், எல்லாம் பழகும். அதுக்கப்புறம் பிளே ஆஃப்ல மேல் டீம் கூட ஒரு மேட்ச் இருக்கே, அதை ஜெயிச்சா கதவு திறந்துதான் இருக்கு.

உட்லண்ட்ஸ்_வினோத்: பெரிய டீம் கூட அடி வாங்கினாதான் அக்கா வளர முடியும். நாங்க ஸ்கூல்ல அப்படித்தான் வளர்ந்தோம்.

பாதி ஒத்துக்கறேன் வினோத். அடி வாங்கறது வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல தான் நடக்கணுமா? நட்பு மேட்ச், கிளப் கேம்ப் அதுக்குத்தானே இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, லீவு போட்டு, பல நாட்டு பொண்ணுங்க சொந்த காசு போட்டு வர்றாங்க, அவங்களுக்கு நல்ல மேட்ச் கிடைக்கணும்.

செல்வா_நியாயம்: 14 போட்டில மெடல் வாங்கினது எத்தனை நாடு? ஸ்வீடன், பின்லாந்து, சுவிஸ், செக், நார்வே. அஞ்சு! இது சிஸ்டத்தோட தப்பு இல்லனா வேற என்ன?

கணக்கு சரி, காரணம் தப்பு. அந்த அஞ்சு நாட்டுலயும் ஊருக்கு ஊர் இன்டோர் ஹால் இருக்கு, குளிர்காலம் பூரா பசங்க உள்ளதான் ஆடணும், ஆறேழு வயசுலயே கிளப். ஸ்வீடன்ல பெண்கள் லீக் அவ்ளோ வலுவானது, மத்த நாட்டு நல்ல ஆட்டக்காரிங்களே அங்க போய் ஆடறாங்க. பின்லாந்து வேரா கௌப்பி, உலகத்தோட சிறந்த ஆட்டக்காரினு ஒரு தடவைக்கு மேல பேர் வாங்கினவ, அவளும் ஸ்வீடன் லீக்ல ஆடினவதான். நீங்க குரூப்பை எப்படி கலைச்சு போட்டாலும் அந்த ஹாலும் லீக்கும் மாறாது. சிங்கப்பூர்ல ஸ்கூல் லெவல்ல நிறைய பேர் ஆடறாங்க, 2015 தென்கிழக்கு ஆசிய விளையாட்டுல எங்க பெண்கள் தங்கம் வாங்கினாங்க, ஆனா ஸ்கூல் முடிஞ்சதும் பாதி பேர் விட்டுடறாங்க. சண்டை போடணும்னா அதுக்கு போடுங்க, நானும் வரேன்.

உட்லண்ட்ஸ்_வினோத்: அது உண்மைதான். என் செட்ல இப்ப யாருமே ஆடல.

செல்வா_நியாயம்: ஹால் விஷயம் சரி. ஆனா சி, டில முதல் இடம் வந்தவங்களுக்காவது ஏதாவது சலுகை வேணும்.

இது நியாயமான கேள்வி. முதல் இடத்துக்கு பிளே ஆஃப்ல 4வது வந்த டீம், ரெண்டாவது இடத்துக்கு 3வது வந்த டீம்னு கிடைச்சாலே அது ஒரு சலுகைதான். அதுக்கு மேல நேரா குவார்ட்டர்னு குடுத்தா எனக்கு சம்மதம் இல்ல. இதோட இதை நிறுத்திக்கலாம், மத்தவங்க கேள்வி நிக்குது.

பிரியா_மதுரை: ஒலிம்பிக்ல இருக்கா?

இல்ல. ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் 2011ல இருந்து இருக்கு, ஆட்டம் இன்னும் சேரல. வேர்ல்ட் கேம்ஸ்ல 2017ல ஆண்கள் மட்டும்தான், பெண்களுக்கு 2025 செங்டு வரைக்கும் காத்திருக்க வேண்டியதா போச்சு. எட்டு வருஷம். இது எனக்கு இன்னும் கோபம்.

அருண்: ஃபீல்டு ஹாக்கி ஸ்டிக் வச்சு ஆடலாமா?

கூடாது. அது கனமா கெட்டியா இருக்கும், யாருக்காவது பல் போகும்.

கீதா_சேலம்: லெஃப்ட் ரைட் எப்படி கண்டுபிடிக்கறது?

துடைப்பம். மேல இருக்கு மா. கண்ணாடி.

ராம்_சென்னை: எங்க பாக்கறது, நம்ம டைம் எப்ப?

ஐஎஃப்எஃப் யூடியூப் சேனல்ல தேடுங்க, பழைய மேட்ச் நிறைய கிடைக்கும். சுவிஸ்ல இந்த ஆட்டத்தை ஊனிஹாக்கினு சொல்வாங்க, சுவிஸ் மேட்ச் வேணும்னா அந்த பேரை போட்டு தேடினா அதிகமா வரும். டிசம்பர்ல செக் நாட்டு நேரத்தோட இந்தியா நாலரை மணி முன்னாடி, சிங்கப்பூர் ஏழு மணி முன்னாடி. அங்க சாயங்காலம் 5 மணி மேட்ச்னா சென்னைல ராத்திரி 9:30, இங்க நடுராத்திரி 12.